32 வயதில் கல்லூரி வாசல்!

கோரிப்பாளையத்தில் ஆபீஸ் அமைந்தவர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஒரு பக்கம் தர்கா, ஒரு பக்கம் பெரிய ஆஸ்பத்திரி, ஒரு பக்கம் அமெரிக்கன் கல்லூரி, இறங்கினால் ஏ.வி. பாலம். பிரார்த்தனை, வைத்தியம், படிப்பு, பயணம்... எல்லாமே நடை தூரம்!

இதில் எங்கள் ஆபீஸ் பையன்களுக்குப் பிடித்தது கடைசி ஐட்டம்தான். ஆறு மாசத்துக்கு ஒருத்தன் துபாய், சிங்கப்பூர் என்று கிளம்பிவிடுவான். கேக் வெட்டுவோம். ‘போய்ச் சேர்ந்ததும் போன் போடு’ என்போம். மறுநாள் அவன் பார்த்த ஃபைல்கள் என் மேஜைக்கு வந்து சேரும்.

எனக்கு வயது முப்பத்து நாலு. பாஸ்போர்ட் இருக்கிறது, அதில் ஒரு முத்திரைகூட விழவில்லை. போன வருஷம் திடீரென்று ஓர் ஆசை. தபால் வழியில் எம்.ஏ. தமிழ் படித்தால் என்ன? டீ நேரத்தில் வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

“என்னண்ணே... கான்வகேஷன் போட்டோவுல பேரனையும் சேத்து நிப்பாட்டுவீகளா?” என்றான் பக்கத்து சீட் தம்பி.

“தமிழ் படிச்சு எந்த நாட்டுக்குண்ணே போக முடியும்?” என்றான் இன்னொருத்தன்.

இரண்டுக்கும் சேர்த்துப் பதில் சொல்ல எனக்கு ஒரு சாமியார் கிடைத்தார். காவி கட்டியவர் இல்லை. கத்தோலிக்கப் பாதிரியார். புது நத்தம் சாலையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில், ஞாயிற்றுக்கிழமை ஏ.சி.க்காக ஒதுங்கியபோதுதான் அவரைப் பற்றி உட்கார்ந்து படித்தேன். சேவியர் தனிநாயகம் அடிகள்.

1913 ஆகஸ்ட் 2-ம் தேதி யாழ்ப்பாணம் பக்கத்தில் ஊர்காவற்றுறைத் தீவில் பிறந்தவர். ஸ்டானிஸ்லாஸ் என்று வளர்ந்து, பின்னாளில் தனிநாயகம் என்ற தமிழ்ப் பெயரைச் சேர்த்துக்கொண்டவர். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம், கொழும்பில் குருமடம். 21 வயதில் ரோம் நகரம். அங்கே 1938-ல் குருப்பட்டம். கூடவே இறையியலில் டாக்டர் பட்டமும் வாங்கிவிட்டார். ஆராய்ச்சி எதைப் பற்றித் தெரியுமா? வட ஆப்பிரிக்காவில் கார்த்தேஜ் நகரத்தில் மூன்றாம் நூற்றாண்டில் இருந்த குருமார்களைப் பற்றி!

இப்படிப்பட்டவருக்கு முதல் போஸ்டிங் எங்கே? திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம். 1940-ல் அங்குள்ள பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தார். லத்தீன் தெரியும், இத்தாலியன் தெரியும், பிரெஞ்சு தெரியும். ஆனால் எதிரே உட்கார்ந்திருக்கும் ஜனங்களிடம் பிசகில்லாமல் பேசத் தமிழ் போதவில்லை. பிறந்தது தமிழ் வீடுதான். ஆனால் அந்தக் கால ஆங்கிலப் பள்ளிக்கூடங்களில் தமிழுக்குக் கிடைத்த இடம் அவ்வளவுதான்.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தேன். ரோமாபுரி டாக்டர் பட்டம் கையில் இருக்கிறது. பாதிரியார் என்ற மரியாதை ஊரில் இருக்கிறது. பிரசங்கத்தை எப்படியோ சமாளித்தால் யார் கேட்கப் போகிறார்கள்? நம் ஆபீசில் எத்தனை பேர் அப்படித்தானே வண்டி ஓட்டுகிறார்கள்!

அடிகள் சமாளிக்கவில்லை. ஒரு தமிழ்ப் பண்டிதரைத் தேடிப் பிடித்து, அடிப்படையிலிருந்து பாடம் கேட்டார். அதோடு நிற்காமல், 1945-ல் சிதம்பரத்துக்குப் போய் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் மாணவராகச் சேர்ந்துவிட்டார். வயது கணக்குப் போட்டுப் பாருங்கள், 32! எம்.ஏ. முடித்தார். அதன் பிறகு சங்க இலக்கியத்தில் இயற்கை என்று எடுத்துக்கொண்டு எம்.லிட். ஆராய்ச்சியும் செய்தார்.

இதைத் தம்பியிடம் சொன்னேன். அவனா விடுவான்?

“அவரு சாமியாருண்ணே! ஈ.எம்.ஐ. கிடையாது, ஸ்கூல் ஃபீஸ் கிடையாது. ஒங்களுக்கு ரெண்டும் இருக்கு!”

நியாயமான பாயின்ட்தான். ஆனால் பாதிரியார்களுக்கும் மேனேஜர் உண்டு. ஆயர் என்று பெயர். எங்கே அனுப்புகிறாரோ அங்கே போக வேண்டும். கீழ்ப்படிகிறேன் என்று குருப்பட்டம் வாங்கும்போதே வாக்குக் கொடுத்தாக வேண்டும். நாமாவது பிடிக்காவிட்டால் பேப்பர் போட்டுவிடலாம்! அந்தக் கட்டுக்குள் இருந்துகொண்டே அவர் தன் வழியைக் கண்டுபிடித்தார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

சரி, இரண்டாவது கேள்வி. ‘தமிழ் படிச்சு எந்த நாட்டுக்குப் போக முடியும்?’

பட்டியல் போடவா? 1949-ல் கிளம்பினார். ஜப்பான், அமெரிக்கா, தென் அமெரிக்க நாடுகள் என்று இரண்டு வருஷத்துக்கு மேல் சுற்றுப்பயணம். போன இடமெல்லாம் தமிழ் இலக்கியம் பற்றிச் சொற்பொழிவு. திரும்பி வந்து இலங்கைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர். 1952-ல் ‘தமிழ் கல்ச்சர்’ என்று ஆங்கிலத்தில் ஒரு காலாண்டிதழ். தமிழ் தெரியாத வெளிநாட்டு அறிஞர்களும் தமிழைப் பற்றிப் படிக்கட்டும் என்றுதான் ஆங்கிலம். அப்புறம் லண்டனில் இன்னொரு டாக்டர் பட்டம்; இந்தத் தடவை பழந்தமிழர் கல்விச் சிந்தனை பற்றி. 1961-ல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறைக்குத் தலைவர்.

நம்ம மதுரைக்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள ஒரு சங்கதி இருக்கிறது. 1606-ல் இத்தாலியிலிருந்து ராபர்ட் தெ நொபிலி என்ற பாதிரியார் மதுரைக்கு வந்து தமிழ் கற்றார் இல்லையா? அவர் வளர்த்த அதே மதுரை மிஷனில் பிற்பாடு அந்தாம் தெ புரொயென்சா என்று ஒரு போர்ச்சுக்கீசியப் பாதிரியார் இருந்தார். தமிழ்-போர்ச்சுக்கீசிய அகராதி ஒன்றை எழுதிவிட்டுக் கண்ணை மூடிவிட்டார். 1679-ல் கேரளத்து அம்பலக்காட்டில் அது அச்சானது. அப்புறம் அதைப் பார்த்தவர்கள் இல்லை. வாத்திகன் நூலகத்தில் ஒரே ஒரு பிரதி தூங்கிக்கொண்டிருந்தது. அதைத் தேடிக் கண்டெடுத்து, 1966-ல் கோலாலம்பூரில் மறுபடி பதிப்பித்தவர் தனிநாயகம் அடிகள். ரோமில் படித்த லத்தீனும் இத்தாலியனும் வீண் போகவில்லை பாருங்கள்!

பெரிய காரியம் 1964 ஜனவரியில் நடந்தது. கீழ்த்திசை அறிஞர்களின் சர்வதேச மாநாட்டுக்காகப் பல நாட்டுப் பேராசிரியர்கள் டெல்லியில் கூடியிருந்தார்கள். எல்லாரும் ஒரே ஊரில் இருக்கும்போதே வேலையை முடித்துவிட வேண்டும் என்று, பேராசிரியர் வ.அய். சுப்பிரமணியத்துடன் சேர்ந்து அடிகள் ஒரு தனிக் கூட்டம் போட்டார். உலகத் தமிழாராய்ச்சி மன்றம் பிறந்தது. தலைவர் பிரான்சின் ழான் ஃபிலியோசா. செயலாளர்கள் இருவர். செக் நாட்டு கமில் சுவலபில் ஒருவர், நம் அடிகள் ஒருவர். தலைவர் நாற்காலியை வெளிநாட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டு, கடிதம் எழுதுகிற வேலையைத் தான் எடுத்துக்கொண்டார். ஆபீசில் குப்பை கொட்டுகிற நமக்குத் தெரியாதா, எந்தச் சீட்டில் உண்மையான வேலை என்று!

1966-ல் கோலாலம்பூரில் முதல் மாநாடு. 1968-ல் சென்னை. 1970-ல் பாரிஸ். 1974-ல் சொந்த மண்ணான யாழ்ப்பாணம். அங்கேதான் மனசு கனக்கிறது. ஜனவரி 10-ம் தேதி இரவு, மாநாட்டுக் கூட்டத்துக்குள் போலீஸ் புகுந்தது. மின்கம்பி அறுந்து விழுந்து, தமிழ் கேட்க வந்த அப்பாவிகள் செத்துப் போனார்கள். 1956-ல் ‘சிங்களம் மட்டும்’ சட்டம் வந்தபோது தமிழ் உரிமைக்காகப் பேசியும் எழுதியும் வந்தவருக்கு, இதையும் பார்க்க வேண்டியிருந்தது. ‘சாமியாருக்கு எதுக்குய்யா இந்த மொழி வம்பு?’ என்று கேட்கலாம். எந்த ஜனங்களுக்கு ஊழியம் செய்ய வந்தாரோ, அவர்கள் நாக்குக்கே ஆபத்து என்றால் கோயில் கதவைச் சாத்திக்கொண்டு எப்படி ஜெபம் செய்வது? அவர் கடைசி வரைக்கும் பாதிரியார்தான். தமிழ் வேலையை அந்தப் பணிக்கு வெளியே இருந்த பொழுதுபோக்காக அவர் நினைத்ததாக எனக்குத் தோன்றவில்லை.

ஐந்தாவது மாநாடு நம்ம மதுரையில், 1981 ஜனவரியில். அதை ஒட்டித்தான் தமுக்கத்தில் தமிழன்னை சிலை வந்தது. ஊரே திரண்டது. விதை போட்ட மனிதர்தான் இல்லை. நாலு மாசம் முன்னாடி, 1980 செப்டம்பர் 1-ம் தேதி அடிகள் காலமாகிவிட்டார்.

‘அழைப்பு’ என்பார்கள் கத்தோலிக்கர்கள். இறைவன் கூப்பிட்டுத்தான் ஒருவர் குருவாகிறார் என்பது அவர்கள் நம்பிக்கை. அடிகளுக்கு முதல் அழைப்பு கொழும்பு குருமடத்துக்கு அனுப்பியது. இரண்டாவது அழைப்பு வடக்கன்குளத்தில், தனக்கு என்ன தெரியவில்லை என்பது தெரிந்த அன்று வந்தது. இத்தனை நாட்டுக் கதவுகளையும் அவருக்குத் திறந்துவிட்டது அந்த இரண்டாவதுதான்.

எனக்கு எம்.ஏ. பாடப் புத்தகங்கள் பார்சலில் வந்துவிட்டன. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் தொல்காப்பியம். “லைட்டை எப்ப அணைப்பீங்க?” என்று வீட்டில் குரல் வருகிறது. முப்பத்தாறில் முடித்துவிடலாம் என்று கணக்கு.

உங்களுக்கு என்ன வயசு ஸார்?