குனிந்து பார்க்கும் காமிரா

உழைப்பாளிகளின் வாழ்க்கையைப் படமெடுத்து, 2022 ஆம் ஆண்டில் தயானிதா சிங்-பாரி ஆவணப் புகைப்பட விருதை முதன்முதலாகப் பெற்ற எம். பழனி குமார், உழைப்பாளி வீட்டுக் குழந்தைகளுக்கும் காமிராவைப் பழக்குகிறார் என்ற செய்தியை நான் சிலாகித்துக்கொண்டிருந்தபோது, தன் வாசலைத் தானே படமெடுக்கும் கிழவர் ஒருவர் ராயபுரத்தில் இருக்கிறார் என்று சொன்ன நண்பர், அடுத்த ஞாயிறே என்னை அங்கே அழைத்துப்போனார்.

1856 ஜூலையில் தென்னிந்தியாவின் முதல் பயணி ரயில் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்ட ஸ்தலம் அது. ரயிலையும் துறைமுகத்தையும் நம்பிப் பல பாஷைக்காரர்கள் வந்து குடியேற, 1910 இல் பார்சிகளுக்கு அக்கினிக் கோயில்கூட எழுந்த பேட்டை. அதன் சந்தொன்றில், ஒரே முற்றத்தையும் ஒரே குழாயையும் நம்பி 11 ஒண்டுக்குடித்தனங்கள் இருந்தன: காசிமேட்டு விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர், தெலுங்கு பேசும் மூட்டை தூக்கும் குடும்பம், உருது பேசும் தையற்காரர், ரயில்வே பென்ஷன் வாங்கும் ஆங்கிலோ-இந்திய அம்மாள், இன்னும் பலர். கடைசி அறையில்தான் நாங்கள் தேடிப்போன படக்காரர்.

பதினான்கு வயதில் வண்ணாரப்பேட்டை ஸ்டுடியோ ஒன்றில் தட்டுக் கழுவச் சேர்ந்து, நெகடிவில் பென்சிலால் டச்சப் செய்யக் கற்று, டிஜிட்டல் வந்து ஸ்டுடியோ மூடியபோது பாக்கிச் சம்பளத்துக்குப் பதிலாக அவர் பெற்றது ஒரு பழைய யாஷிகா காமிரா. ஃபிலிம் கழுவும் கிரமத்தை அவர் மிகுந்த சிரத்தையுடன் விளக்கினார். ஹைப்போ என்ற கரைசலுக்குப் பிறகு நான் பின்தொடரவில்லை. என் கண் அந்தக் காமிராவிலேயே இருந்தது. இரண்டு லென்ஸுள்ள அந்தப் பெட்டியை வயிற்றோடு அணைத்து, மேலிருந்து குனிந்துதான் பார்க்கவேண்டும். உள்ளே கண்ணாடியில் இடம் வலமாகத் தெரியும்.

"கண்ணாண்ட தூக்கிப் புட்ச்சா ஆளு வெறைச்சிக்கும் சார். இதுல நாம தலைய குனிஞ்சிக்கினு இருக்கோமா, அதான் அவங்களுக்குக் கூச்சம் வுட்டுப்போவுது," என்றார்.

ஒரு சுருளில் 12 படம். ஆண்டுக்கொரு முறை, குடித்தனத்துக்கு ஒன்றாக அவரவர் வாசற்படியில் 11 எடுத்து, பன்னிரண்டாவதைக் குழாயடியில் எல்லோரையும் சேர்த்து எடுக்கிறார். குடத்து வரிசைக்காக முதல்நாள் சண்டையிட்ட தையற்காரர் மனைவியும் படகுக்காரர் தாயாரும் அதில் அருகருகே, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் நிற்கிறார்கள். சண்டையை மறைக்காத அந்தப் படத்தைவிட ஒரே கூரையின்கீழ் வாழ்வதைச் சத்தியமாகச் சொன்ன படத்தை நான் கண்டதில்லை.

அவருடைய ஜீவனமோ கல்யாணப் படங்களில். விடிய விடிய நிற்பவருக்கு நாட்கூலி. ஆல்பத்தின் லாபம் காண்டிராக்டருக்கு. இதுவாவது தொழில் வழக்கம் என்று பொறுக்கலாம். கண்காட்சி வைப்பதாகச் சொல்லி இந்த முற்றத்துப் படங்களை வாங்கிப்போனவர் ஒருவர், அவற்றை விற்றும் விட்டாராம். பிறர் வறுமையையும் வாசலையும் சரக்காக்கி, அதில் நிற்கும் மனிதருக்குச் சொல்லக்கூடச் செய்யாத தரகை என்ன பெயரிட்டு அழைப்பது? திருட்டு என்றே நான் அழைப்பேன்.

கிழவரோ அதைப்பற்றிப் பேச விரும்பவில்லை. ஈரம் காய்ந்த பிரதிகளை எடுத்துக்கொண்டு வாசல் வாசலாகக் கொடுக்கப் புறப்பட்டுவிட்டார். வடசென்னைக்குக் காமிராவோடு போகும் அன்பர்களுக்கு என் விண்ணப்பம் இதுவே: எடுத்த படத்தின் பிரதியோடு இன்னொரு முறையும் போங்கள்.