சாம்சூன் என்னும் காரணப் பெயர்

பெயர்ச்சொல்லை இடுகுறிப் பெயர், காரணப் பெயர் எனப் பகுத்துக் கற்பிப்பது தமிழ் வகுப்பறையின் பழைய வழக்கம். மண், மரம் என்பன காரணம் அறியப்படாமல் வழங்குவன. நாற்காலி, பறவை என்பன காரணம் பற்றி வந்தன. ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதி அழிக்கப்படும் இப்பாகுபாடு, மனிதர்க்கு இட்ட பெயர்களை நோக்குமிடத்து அத்துணை எளிதாக அமைவதில்லை. காரணம் மிகத் தெளிவாக விளங்கிவிடுவதாலேயே தன் பெயரை வெறுத்து, முப்பது வயது வரை அதை மறைத்து வாழ முயன்ற ஒரு பெண்ணின் கதையைக் கொரியர் தொலைக்காட்சித் தொடராக ஆக்கினர். தென்கொரியாவின் எம்.பி.சி. நிலையம் 2005ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் தொடங்கி ஜூலை 21ஆம் நாள் வரை 16 பகுதிகளாக ஒளிபரப்பிய 'என் பெயர் கிம் சாம்சூன்' என்பதே அது. ஜி சூஹியோன் எழுதிய புதினத்தைத் தழுவிக் கிம் டோவூ திரைக்கதை அமைக்க, கிம் யூன்சோல் இயக்கினார். இறுதிப் பகுதி ஒளிபரப்பான இரவில் ஏறத்தாழப் பாதி வீடுகள் அதனைக் கண்டன என்று அந்நாட்டார் கணக்கிட்டனர்.

காதல் தொடர்கள் என்றாலே முகஞ்சுளிக்கும் ஆசிரியர்கள் உண்டு. அவர்கள் முகஞ்சுளிப்பதற்கு இத்தொடரிலும் இடம் இருக்கிறது. செல்வந்தர் வீட்டு இளைஞன் ஒருவன்; கடன்பட்ட நடுத்தரக் குடும்பத்துப் பெண் ஒருத்தி. மணப்பெண் பார்க்கச் சொல்லி நச்சரிக்கும் தாயை ஏய்ப்பதற்காக, தன் காதலியாக நடிக்குமாறு அவன் வேண்டுகிறான். வீட்டைக் கடனிலிருந்து மீட்க 5 கோடி வோன் பெற்றுக்கொண்டு அவளும் இசைகிறாள். பொய்யாகத் தொடங்கிய காதல் மெய்யாக முடியும் என்பதை முதற்பகுதியிலேயே சிறுபிள்ளையும் சொல்லிவிடும். கதைப்பின்னலில் புதுமை இல்லை. புதுமை முழுவதும் அப்பெண்ணிடத்தில்தான் இருக்கிறது.

சாம்சூன் அரிசி ஆலை நடத்தியவரின் மூன்றாம் மகள். பாரிசு சென்று அணிச்சல் செய்யும் கலையை முறையாகக் கற்றுத் திரும்பியவள். பருத்த உடலினள், உரத்த குரலினள், கோபம் வந்தால் வசைமொழிக்கு அஞ்சாதவள். நள்ளிரவில் பெரிய பித்தளைக் கிண்ணத்தில் சோற்றையும் காய்களையும் காரக் குழம்பையும் பிசைந்து, மதுவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கவலையோடு சேர்த்து விழுங்குகிறாள். கொடியிடையும் குயில்மொழியும் வாய்ந்த தலைவியரையே கண்டு பழகிய கண்களுக்கு இவள் விந்தையாகத் தோன்றியதில் வியப்பில்லை. இவ்வேடத்தை ஏற்ற கிம் சுன்ஆ, அதற்கெனவே தம் உடல் எடையைக் கூட்டிக்கொண்டார். முதல் பகுதியில், கிறித்துமசு நாளில், தன்னைக் காதலித்தவன் வேறொருத்தியோடு இருப்பதை ஒரு தங்கும் விடுதியில் கண்டு, கண்மை கரைந்து கன்னத்தில் வழிய, ஆடவர் கழிப்பறை என்பதையும் உணராமல் உள்ளே புகுந்து அழுகிறாள். நாயகன் ஜின்ஹொன் அவளைச் சந்திக்கும் இடம் அதுவே. பொழிலில் தலைவனும் தலைவியும் எதிர்ப்படும் களவுக் காட்சிகளைப் பாடம் நடத்துவோர் இதைக் கண்டால் புன்னகைக்காமல் இருக்கமாட்டார்.

இனி அப்பெயரைப் பார்ப்போம். 'சாம்' என்பது மூன்று. 'சூன்' என்பது சாந்தமான, சொற்படி கேட்கும் தன்மை. மூன்றாவதாகப் பிறந்த அடக்கமானவள் என்பது பொருள். இதில் நாணுவதற்கு என்ன இருக்கிறது என்று அயலார் கேட்கலாம். நாணம் அகராதியில் இல்லை, வரலாற்றில் இருக்கிறது. பழங்காலத்துச் சிற்றூர்ப் பெண்களுக்குப் பரவலாக இட்ட ஈறு அது. 1960களிலும் 1970களிலும் கொரியா தொழில்மயமானபோது, சிற்றூர்களிலிருந்து ஆயிரமாயிரம் இளம்பெண்கள் நகரத்து ஆலைகளுக்கும் செல்வர் வீட்டு அடுக்களைகளுக்கும் வேலைக்குச் சென்றனர். நகரத்தார் அவர்களை ஏளனமாக அழைக்க அந்த 'சூனி'யையே எடுத்துக்கொண்டனர். ஆலையில் உழைப்பவள் 'கோங்சூனி'. சமையல் வேலை செய்பவள் 'சிக்சூனி'. நாட்டின் ஏற்றுமதிக்கு முதுகொடிந்து உழைத்த பெண்களின் பெயர் வசைச்சொல்லாக மாறியது. வசதி வந்தபின் பெற்றோர் தம் பெண்களுக்கு மென்மையாக ஒலிக்கும் பெயர்களைத் தேடினர். ஹீஜின் என்பது அத்தகையதொரு பெயர். சாம்சூன் தனக்குச் சூட்டிக்கொள்ள விரும்புவதும் அதனையே.

தொடரில் ஒரு காட்சி உண்டு. வாடகை வண்டியில் அழுதுகொண்டு போகும் சாம்சூன், தன் பெயரால் பட்ட கேலிகளை ஓட்டுநரிடம் சொல்லிப் புலம்புகிறாள். பெயர் எதுவானால் என்ன, சாம்சூன் என்று இல்லாவிட்டால் சரி என்று அவர் ஆறுதல் சொல்கிறார். கண்டவர் எல்லாரும் சிரித்த காட்சி இது. ஓட்டுநர் தீயவர் அல்லர்; அவளைத் தேற்றவே முயல்கிறார். ஒரு பெயரை இழிவாக எண்ணும் வழக்கம் நல்லவர்களின் நாவிலும் எப்படிக் குடியேறிவிடுகிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட இயலாது.

தமிழர் இதை அயல்நாட்டு விந்தை என்று ஒதுக்கிவிட முடியாது. ஆண்மகவை எதிர்பார்த்திருக்கையில் மீண்டும் மீண்டும் பெண் பிறந்தால், 'போதும்பொண்ணு' என்றும் 'வேண்டாம்' என்றும் பெயரிட்ட குடும்பங்கள் தமிழ்நாட்டில் இருந்தன. கொரியாவிலும் கடைசி என்று பொருள்படும் பெயர்களைப் பெண்களுக்கு இட்டு, இதனோடு நிற்கட்டும் என்று வேண்டிக்கொண்டவர்கள் உண்டு. இவையும் காரணப் பெயர்களே. ஆனால் காரணம் பெற்றோரது; சுமை பிள்ளையினது. வருகைப் பதிவேட்டை விரித்துப் பெயர் அழைக்கும் ஆசிரியர் யாரும் இச்சுமையை அறிவர். பாட்டியின் பெயரைத் தாங்கிய பெண்ணோ, பிறப்புப் பத்திரத்தில் எழுத்துப் பிழையோடு பதிவாகிவிட்ட பெயரை உடைய பையனோ 'உள்ளேன் ஐயா' என்று சொல்லும் குரல் மற்றவர் குரலைவிடச் சற்றுத் தாழ்ந்தே ஒலிக்கும். வகுப்பில் எங்கோ ஒரு மூலையில் சிரிப்பு எழும். அதட்டினால் சிரிப்பு அடங்கும். தாழ்ந்த குரல் அப்படியே இருக்கும்.

தொடர் இவ்விடத்தில் ஒரு முரணை நுட்பமாக வைக்கிறது. நாயகன் மறக்க இயலாத பழைய காதலியின் பெயரும் ஹீஜின். நோயுற்றபோது அவனிடம் சொல்லாமலே அமெரிக்கா சென்று, நலம்பெற்றுத் திரும்புகிறவள், மெலிந்தவள், இனிமையானவள். அவளைத் தீயவளாகக் காட்டாதது எழுத்தாளரின் பெருந்தன்மை. சாம்சூன் ஏங்கிய பெயர் வேறொருத்தியிடம் முன்பே இருக்கிறது. அவளிடம் அது பொருத்தமாகவும் இருக்கிறது. கடன்பெற்ற பெயரோடு அவளை எதிர்கொண்டால் சாம்சூன் இரண்டாம் ஹீஜின் ஆவாளேயன்றி வேறொன்றும் ஆகாள்.

நாயகனைப் பற்றியும் ஒரு சொல். ஹியூன் பின் ஏற்ற இவ்வேடம் அந்நாளில் பெண்கள் பலரைக் கவர்ந்தது. சாம்சூனைவிட மூன்று வயது இளையவன். தான் ஓட்டிய வண்டி விபத்துக்குள்ளானதில் அண்ணனையும் அண்ணியையும் பறிகொடுத்தவன். அவர்களுடைய பெண்குழந்தை அவ்விபத்துக்குப்பின் பேச்சை இழந்திருக்கிறாள். மிக்கேல் எண்டே 1973இல் வெளியிட்ட 'மோமோ' என்னும் செருமானியக் கதைநூல் அக்குழந்தையின் பொருட்டே தொடரில் இடம்பெறுகிறது. பிறர் பேச்சைச் செவிமடுப்பதையே தன் பேராற்றலாகக் கொண்ட சிறுமியின் கதை அது. பேசாத பிள்ளைக்குப் பொருத்தமான தேர்வு. துயருக்குரியவன் என்றாலும், ஜின்ஹொன் சாம்சூனின் கையைப் பற்றி இழுப்பதும் மனம்நோகப் பேசுவதும் இன்று காண்போர் கண்ணை உறுத்துகின்றன. காதலின் வேகம் என்று அன்று கொண்டதை இன்று முரட்டுத்தனம் என்றுதான் சொல்ல வேண்டும். 2024ஆம் ஆண்டில் அதே இயக்குநர் இத்தொடரை 8 பகுதிகளாகச் சுருக்கி மறுதொகுப்பு செய்தபோது இதனை எண்ணிப் பார்த்தே கத்தரித்தார். மாணவர்க்கு இதைக் காட்ட விழைவோர் சுருங்கிய வடிவத்தைத் தேர்ந்துகொள்வது நன்று.

பெயர் மாற்றம் என்பது கொரியாவில் வீட்டளவில் முடியும் செயல் அன்று. நீதிமன்றத்தின் இசைவு வேண்டும். சாம்சூன் அதற்காக முயல்வது தொடர் முழுவதும் ஓர் இழையாக ஓடுகிறது. அத்தொடர் முடிந்து நான்கு திங்கள் ஆவதற்குள், 2005ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள், கொரிய உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. தீய நோக்கம் இல்லாதவிடத்துப் பெயர்மாற்ற வேண்டுகோளை இசைவதே முறை என்றும், பெயர் ஒருவருடைய ஆளுமை உரிமையைச் சார்ந்தது என்றும் அது கூறியது. தொடரால் தீர்ப்பு வந்தது என்று சொல்வது பொருந்தாது. ஆயினும் அவ்வாண்டு அந்நாட்டின் குடும்ப வாழ்வில் பெரிய ஆண்டு. குடும்பத் தலைமையை ஆணுக்கே முதன்மையாக வழங்கிய 'ஹோஜு' முறையை நீக்கும் சட்டத் திருத்தம் மார்ச்சு 2ஆம் நாள் நிறைவேறி, 2008ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. மூன்றாம் மகளாய்ப் பிறந்ததே ஒரு குறை என்னும் எண்ணத்திற்கு அரணாய் நின்ற முறை அது.

பெயரை மாற்றும் உரிமை வேண்டும் என்பதில் ஐயமில்லை. சாம்சூன் அதனைப் பயன்படுத்தியிருந்தாலும் யாரும் குறைகூற இயலாது. ஆனால் அவள் ஜேஜு தீவில், 1,947 மீட்டர் உயரமுடைய ஹல்லா மலையின் மீது மழையில் தனியே ஏறுகிறாள். கால் நோகிறது, மூச்சு வாங்குகிறது, யாரும் இல்லாத வெளியில் வாய்விட்டுக் கத்துகிறாள். பெயரைத் துறக்கவே ஏறியவளிடம், அது வேண்டாம் என்று சொல்ல ஒருவன் இருக்கிறான். சாம்சூன் என்ற பெயரைச் சிரிக்காமல் ஒருவன் அழைத்ததும் அவளுக்கு அப்பெயரின்மீது இருந்த வெறுப்பு ஒரே நாளில் தீர்ந்துவிடவில்லை. மெல்ல மெல்லத்தான் தேய்கிறது. அம்மெல்லிய மாற்றத்தில்தான் தொடரின் உயிர் இருக்கிறது. முத்தக் காட்சிகளில் அன்று.

இறுதிப் பகுதியில் திருமணம் நடப்பதில்லை. நாயகனின் தாய் இன்னும் இசையவில்லை. என்றேனும் பிரியவும் கூடும் என்று சாம்சூனே எண்ணிப் பார்க்கிறாள். சியோல் நகரின் நாம்சான் குன்றிலுள்ள நீண்ட படிக்கட்டில் இருவரும் நிற்கையில் கதை நிறைவுறுகிறது. அப்படிக்கட்டைக் காணப் பல நாட்டாரும் பின்னர் வரலாயினர். நகரத்தார் அதற்குச் 'சாம்சூன் படிக்கட்டு' என்று பெயரிட்டு வழங்குகின்றனர். ஹீஜின் படிக்கட்டு என்று சொல்வார் எவருமிலர்.