சினிமா கேரவன் இல்லீங்க... இது மிடில் கிளாஸ் கேரவன்! இங்கிலாந்து கடற்கரையில் ஒரு பட்ஜெட் டூர்

'கேரவன்' என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? ஷூட்டிங் ஸ்பாட்டில் ஹீரோ ஏசி போட்டு உட்கார்ந்திருக்கும் வண்டிதானே! ஆனால், இங்கிலாந்தில் அதே வார்த்தைக்கு அர்த்தமே வேறு. அங்கே கேரவன் என்றால், ஃபாரின் டூர் போக வசதியில்லாத குடும்பங்கள் கடலைப் பார்க்கப் போய்த் தங்கும் தகர வீடு.

சுமார் 35 அடி நீளம், 12 அடி அகலம். உள்ளே இரண்டு அல்லது மூன்று குட்டி பெட்ரூம், ஒரு ஹால், கேஸ் அடுப்பு, ஃப்ரிட்ஜ், பாத்ரூம். அடியில் சக்கரம் இருக்கும். ஆனால், ஓடாது. ஒரே இடத்தில் நிரந்தரமாக நிற்பதால் 'ஸ்டேட்டிக் கேரவன்' என்கிறார்கள். இப்படி நூற்றுக்கணக்கில் வரிசையாக நிறுத்தி, நடுவில் ஒரு நீச்சல் குளம், ஒரு கேளிக்கை ஹால், ஒரு மளிகைக் கடை வைத்தால் அதுதான் 'ஹாலிடே பார்க்'.

லண்டனில் இருக்கும் என் அக்கா குடும்பத்தோடு, அக்டோபர் கடைசியில் அப்படி ஒரு பார்க்கில் நாலு இரவு தங்கினேன். மொத்தம் ஆறு பேர். அக்கா, அத்தான், இரண்டு குட்டீஸ், தூத்துக்குடியிலிருந்து வந்திருந்த அம்மா, அப்புறம் நான். இடம், இங்கிலாந்தின் கிழக்குக் கடற்கரையில் நார்ஃபோக் பகுதியில் உள்ள கிரேட் யார்மத் பக்கம். லண்டனிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர்.

ஏன் அக்டோபர்? ஏன் கேரவன்?

அக்கா ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளர். பாதி நாள் நைட் ஷிஃப்ட். அத்தான் டெலிவரி வேன் ஓட்டுகிறார். அம்மா வந்து ஏழு வாரமாகியும், எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்ட நாளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அம்மா ஊர் திரும்ப இன்னும் பத்தே நாள்தான். பிள்ளைகளுக்கு லீவு கிடைத்ததும் அந்த ஒரு வாரம்தான்.

"ஒருநாள் ஸ்கூலுக்கு லீவு போட்டுட்டு செப்டம்பர்லயே போயிருக்கலாம்ல?" என்று கேட்டேன். அத்தான் சிரித்தார். இங்கிலாந்தில் அது அவ்வளவு லேசில்லை. டூர் போவதற்காக ஐந்து நாள் பள்ளிக்கு மட்டம் போட்டால் அபராதம் வரும். 2024 ஆகஸ்ட் முதல் ஒரு பிள்ளைக்கு, அம்மாவுக்குத் தனியாக 80 பவுண்டு, அப்பாவுக்குத் தனியாக 80 பவுண்டு. 21 நாளுக்குள் கட்டாவிட்டால் 160. இரண்டு பிள்ளைகள் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு பவுண்டு நம் பணத்தில் நூறு ரூபாய்க்கு மேல்!

அதனால் எல்லாக் குடும்பமும் பள்ளி விடுமுறையில்தான் கிளம்புகிறது. வாடகையும் அப்போதுதான் ஏறுகிறது. இருந்தாலும், கோடையைவிட அக்டோபர் விடுமுறை மலிவு. குளிருமே, அதனால்! நாலு இரவுக்கு நாங்கள் கொடுத்தது 189 பவுண்டு. தலைக்குக் கணக்குப் பார்த்தால் ஓர் இரவுக்கு எட்டு பவுண்டுகூட வரவில்லை. கூப்பன் சேர்த்து அனுப்பினால் தலைக்கு ஒன்பதரை பவுண்டு முதல் விடுமுறை என்று 'தி சன்' நாளிதழ் பல வருடமாக ஒரு திட்டமே நடத்துகிறது. அந்த அளவுக்கு இது அங்கே சாமானியர்களின் டூர்.

தாளிச்சா அலாரம்!

குறைந்த வாடகையில் என்னென்ன கிடைக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். போர்வை, பெட்ஷீட், டவல் எதுவும் தரவில்லை. நாமே கொண்டுபோக வேண்டும். நீச்சல் குளத்துக்கும் கேளிக்கை ஹாலுக்கும் தனி பாஸ். ஹீட்டர் ஹாலில் மட்டும்தான் நன்றாக வேலை செய்தது. பெட்ரூமில் மூச்சுவிட்டால் புகை தெரிந்தது. முதல் இரவே பிள்ளைகள் இருவரும் மெத்தையை இழுத்துக்கொண்டு வந்து ஹாலில் ஆச்சி பக்கத்தில் படுத்துவிட்டார்கள்.

அம்மா லண்டனிலிருந்தே அரிசி, புளி, ரசப்பொடி, ஊறுகாய் என்று ஒரு பை கட்டிக்கொண்டு வந்திருந்தார். ரசத்துக்குக் கடுகும் மிளகாயும் தாளித்ததுதான் தாமதம், தலைக்கு மேலே 'கீ... கீ...' என்று அலாரம் அலறத் தொடங்கியது. அத்தான் டவலை எடுத்து விசிற, அக்கா எல்லா ஜன்னலையும் திறக்க, உள்ளே இருந்த கொஞ்ச நஞ்சச் சூடும் வெளியே போய்விட்டது. பக்கத்து கேரவனிலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பாட்டி எட்டிப் பார்த்து, எல்லாம் சரிதானே என்று கேட்டுவிட்டுப் போனார். மறுநாள் முதல் தாளிப்பு வேலை கதவு ஓரமாக, ஒரு ஆள் டவலோடு காவல் நிற்க நடந்தது!

கடல் அதேதான்... மீனும் சொந்தம்தான்!

யார்மத் கடற்கரை கிழக்குப் பார்த்தது. நம் தூத்துக்குடி மாதிரி இங்கேயும் சூரியன் கடலிலிருந்துதான் எழும். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைப்பார்கள். அதற்குப் பிறகு காலை ஆறே முக்கால் வாக்கில் விடிந்து, மாலை நாலரைக்கே இருட்டிவிடுகிறது. விடிகாலையில் எழுந்து பழகிய அம்மாவுக்கு இது வசதியாகிப்போனது. ஸ்வெட்டர்மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, தினமும் சூரியன் எழும்போது கரையில் நின்றார். கடலுக்குள் ஸ்கிரோபி சாண்ட்ஸ் என்ற மணல்திட்டில் 30 காற்றாலைகள் வரிசையாகச் சுற்றிக்கொண்டிருந்தன. "கயத்தாறுல நிக்கிறதைக் கொண்டாந்து கடலுக்குள்ள நட்டுட்டானுவ" என்றார்.

இன்று இலையுதிர் காலம் வந்தால் யார்மத்தில் கூட்டம் குறைகிறது. ஒரு காலத்தில் நேரெதிர். ஹெர்ரிங் மீன் கூட்டம் கூட்டமாக வரும் பருவம் இதுதான். ஹெர்ரிங் நம் ஊர்ச் சாளை மீனின் குடும்பம். படகுகளின் பின்னாலேயே ஸ்காட்லாந்திலிருந்து ஆயிரக்கணக்கான பெண்கள் இங்கே வந்து இறங்குவார்களாம். மூன்று பேர் ஒரு குழு. இருவர் மீனின் குடலை எடுக்க, ஒருவர் உப்பு போட்டுப் பீப்பாயில் அடுக்குவார். கத்தி வெட்டாமல் இருக்க விரல் ஒவ்வொன்றிலும் துணி சுற்றிக் கட்டிக்கொள்வார்கள். ஓய்வு நேரத்தில் நடந்துகொண்டே ஸ்வெட்டர் பின்னுவார்கள். 1913-ல் உச்சத்தில் இருந்த இந்தத் தொழில், 1960-களில் ஓய்ந்துவிட்டது.

பழைய மீன் புகைபோடும் ஆலை ஒன்றையே 'டைம் அண்ட் டைட்' என்ற மியூசியமாக மாற்றியிருக்கிறார்கள். சுவரில் இன்னும் புகை வாசம் இருக்கிறது. அங்கே துணி சுற்றிய விரல்களோடு நிற்கும் பெண்களின் படத்துக்கு முன்னால் அக்கா கொஞ்ச நேரம் நின்றாள். "பாத்தியா, இவளுவளும் ஊரைவிட்டு வேலைக்கு வந்தவளுவதான்" என்றாள்.

சார்லஸ் டிக்கன்ஸின் 'டேவிட் காப்பர்ஃபீல்டு' படித்தவர்களுக்கு யார்மத் தெரிந்த ஊராகத்தான் இருக்கும். அதில் ஒரு மீனவக் குடும்பம் இந்தக் கடற்கரையில் பழைய படகு ஒன்றையே வீடாக்கி வசிக்கும். குட்டிப் பையன் டேவிட்டுக்கு அதைவிட அழகான வீடு உலகத்திலேயே இல்லை. எங்கள் வீட்டுக் குட்டீஸுக்கும் கேரவன் அப்படித்தான். லண்டன் ஃப்ளாட்டைவிட இதுதான் பெரிசு என்று சாதித்தார்கள்!

கூடாரத்தில் தொடங்கிய கதை

பக்கத்து ஊர் கேய்ஸ்டர். இந்த மாதிரி விடுமுறைக்கே இங்கிலாந்தில் விதை போட்ட ஊர்களில் ஒன்று. 1906-ல் ஜான் ஃபிளெட்சர் டாட் என்ற சோஷலிஸ்ட், உழைக்கும் மக்களும் கடற்காற்று வாங்கட்டும் என்று இங்கே கூடாரம் அடித்து ஒரு முகாம் தொடங்கினார். மது கூடாது. முகாம் வேலைகளில் எல்லோரும் கைகொடுக்க வேண்டும். அந்த இடத்தில் இன்று ஒரு பெரிய கேரவன் பார்க் இருக்கிறது. 1936-ல் ஸ்கெக்னெஸ் என்ற ஊரில் பில்லி பட்லின் தன் முதல் விடுமுறை முகாமைத் திறந்தார். 1938-ல் சம்பளத்தோடு விடுமுறை தருவதற்கான சட்டம் வந்தது. அதன்பின் கடற்கரை எல்லோருக்குமானது.

கேய்ஸ்டருக்கு ஒரு சோகமும் உண்டு. 1901 நவம்பரில், புயலில் சிக்கிய படகைக் காப்பாற்றப் போன 'பியூசாம்ப்' என்ற உயிர்காக்கும் படகு கரை அருகே கவிழ்ந்தது. அதிலிருந்த 12 பேரில் ஒன்பது பேர் இறந்தார்கள். ஏன் அவர்கள் பாதியில் திரும்பி வந்துவிடவில்லை என்று விசாரணையில் கேள்வி எழுந்தபோது, கேய்ஸ்டர்காரர்கள் பின்வாங்க மாட்டார்கள் என்ற பொருளில் சொல்லப்பட்ட பதில் இன்றும் அந்த ஊரின் அடையாளம். கடலுக்குப் போய்த் திரும்பாதவர்கள் கதையை அம்மாவுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கேட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்.

கொஞ்சம் வடக்கே போனால் கலிஃபோர்னியா! ஆமாம், அப்படி ஒரு குட்டிக் கிராமம். அமெரிக்காவில் தங்க வேட்டை நடந்த அதே 1848 வாக்கில், இங்கே கரையில் பழைய தங்க நாணயங்கள் கிடைத்ததால் வந்த பெயர் என்கிறார்கள். பள்ளி திறந்ததும் 'நாங்க கலிஃபோர்னியா போயிட்டு வந்தோம்' என்று சொல்லப்போவதாகக் குட்டீஸ் முடிவு செய்துவிட்டார்கள்.

அதற்கு அடுத்தது ஹெம்ஸ்பி. அங்கே விளையாட்டு அடங்கிவிடும். மணல்மேட்டின் மேல் இருந்த வீடுகளைக் கடல் தின்றுகொண்டிருக்கிறது. 2013 டிசம்பர், 2018 மார்ச், 2023 மார்ச் என்று ஒவ்வொரு பெரிய அரிப்பிலும் மக்கள் வீடுகளை இழந்தார்கள். "சக்கரம் வச்ச வீடுன்னா தள்ளிக்கிட்டாவது போலாம்" என்றார் அத்தான்.

மூன்றாவது நாள் இரவு

நாலு நாளில் ஒரு நாள் முழுக்க மழை. வெளியே போக முடியாது. சீட்டுக்கட்டு, பல்லாங்குழி, அத்தான் பாட்டு என்று ஓடியது. கேரவன் கூரையில் மழை விழுந்தால் யார் பேசினாலும் கத்தித்தான் பேச வேண்டும்.

ராத்திரி மழை நின்றது. நான் உள் ரூமில் போர்வைக்குள் இருந்தேன். சுவர் அட்டை மாதிரி. ஹால் பேச்சு அப்படியே கேட்டது. அம்மாவும் அக்காவும் ஹீட்டர் பக்கத்தில்.

"ஏட்டி... நீ இங்க சந்தோஷமா இருக்கியா?"

அக்கா உடனே பதில் சொல்லவில்லை. "இந்த நாலு நாளா இருக்கேம்மா" என்றாள்.

கல்யாணமாகி வந்ததிலிருந்து வீடியோ காலில் அவள் சொன்னதெல்லாம் 'நல்லாருக்கோம்' மட்டும்தான். ஊருக்கு வந்து நாலு வருஷமாகிறது. நாலு பேருக்கு டிக்கெட் போட முடியாததுதான் காரணம் என்பதை அன்றைக்குத்தான் அம்மாவிடம் வாய்விட்டுச் சொன்னாள். அம்மா அழவில்லை. "தை மாசத்துல இருந்து நான் ஒரு சீட்டு போடுதேன். நீ பாதி, நான் பாதி. அடுத்த மே லீவுக்கு வாறே" என்றார். பிறகு இருவரும் எந்தச் சீட்டு, எத்தனை மாதம் என்று நெடுநேரம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

லண்டன் வீட்டில் ஏழு வாரமாக நடக்காத பேச்சு அது.

நீங்களும் போவதாக இருந்தால்...

இங்கிலாந்தில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் அப்பா, அம்மாக்கள் நிறைய. லண்டன் பாலத்தோடு நிறுத்திவிடாமல், இப்படி நாலு நாள் யோசித்துப் பாருங்கள். எங்கள் அனுபவத்தில் சில டிப்ஸ்:

* போர்வை, டவல், கம்பளி சாக்ஸ் கண்டிப்பாக வேண்டும். சுடுதண்ணீர்ப் பை இருந்தால் ராஜ சுகம்.

* நீச்சல் பாஸ், பெட்ஷீட் கட்டணம் எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று பார்த்துவிட்டு புக் செய்யுங்கள்.

* முழங்கால் வலி உள்ளவர்கள் இருந்தால், படி குறைவான, பார்க்கிங் பக்கத்தில் உள்ள கேரவனாகக் கேளுங்கள்.

* யார்மத் மார்க்கெட்டில் சிப்ஸ் கடைகள் பிரபலம். இங்கிலாந்தில் சில கடைகளில் மாட்டுக் கொழுப்பில் பொரிப்பார்கள். சைவம் என்றால் கேட்டு வாங்குங்கள்.

* குட்டீஸுக்கு 2 பென்ஸ் காசு போட்டு விளையாடும் மெஷின்கள் போதும். ஒரு பவுண்டில் ஒரு மணி நேரம் ஓடிவிடும்!

* 1903-ல் கட்டிய ஹிப்போட்ரோம் சர்க்கஸ் கட்டடத்தைப் பார்க்கத் தவறாதீர்கள். அதன் மேடை அப்படியே கீழிறங்கி நீச்சல் குளமாகிவிடும்.

* ஹார்ஸி கடற்கரையில் கடல்நாய்கள் குட்டி போடும் காலம் அக்டோபர் கடைசியில் தொடங்கி ஜனவரி வரை போகும். வெள்ளை ரோமத்தோடு குட்டி படுத்திருக்கும். கயிறு தாண்டிப் போகக் கூடாது. மனிதர்கள் நெருங்கினால் தாய் குட்டியை விட்டுவிட்டுப் போய்விடும் ஆபத்து இருக்கிறது.

நவம்பர் தொடக்கத்தில் பல பார்க்குகள் மூடிவிடும். குழாயில் தண்ணீர் உறைந்து வெடித்துவிடாமல் இருக்க, ஒவ்வொரு கேரவனிலும் தண்ணீரை வடித்துவிட்டுப் பூட்டுவார்கள். திரும்பத் திறப்பது மார்ச் வாக்கில். நாங்கள் கிளம்பிய காலையிலேயே கடைசி வரிசையில் அந்த வேலை தொடங்கியிருந்தது.

மொத்தச் செலவு, பெட்ரோல், சிப்ஸ், மெஷினில் போட்ட காசு எல்லாம் சேர்த்து 350 பவுண்டுக்குள். மீதமிருந்த இருபது பவுண்டை அக்கா அம்மா கையில் கொடுத்தாள். சீட்டுக்கு முதல் தவணையாம்!