பொறி எங்கே போயிற்று?

நாடி பார்க்காமல் மருந்து கொடுக்கும் வைத்தியரிடம் நாம் போவதில்லை; தெரியாமல் போனாலும் இரண்டாம் முறை போவதில்லை. ஆனால் மோட்டார் வண்டி விஷயத்தில் மட்டும் இந்த விவேகம் நம்மில் பலருக்கு ஏனோ வாய்ப்பதில்லை. வண்டி கிளம்பவில்லையா? "பாட்டரியை மாற்றுங்கள்" என்பார் ஒருவர். "பிளக்கை மாற்றுங்கள்" என்பார் மற்றொருவர். எல்லாவற்றையும் மாற்றிய பிறகு மாறாமல் இருப்பது வண்டியின் பிடிவாதம் ஒன்றுதான்!

உத்தமபாளையத்தில் உள்ள நம் நண்பர் ஒருவரின் வீட்டில் பழைய அம்பாஸடர் வண்டி ஒன்று நிற்கிறது. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியை மாதிரியாகக் கொண்டு, வங்காளத்து உத்தர்பாராவில் தயாராகி, 2014-ஆம் வருஷத்தோடு உற்பத்தி நின்றுபோன அந்த வம்சத்தில், நண்பரின் வண்டி 1974-இல் பிறந்தது. அவருடைய தகப்பனார் நெல் வியாபாரத்தில் மிச்சம் பிடித்து வாங்கியது. தகப்பனார் காலமாகிவிட்டார். தாயாருக்கு வயது 80. வருஷந்தோறும் சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்கு அந்த அம்மாள் வேறு வண்டியில் போனதில்லை.

சென்ற ஆனி மாதம், குமுளி மலைப் பக்கமிருந்து காற்றும் சாரலும் கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கிய நாட்களில், வண்டி திடீரென்று மௌனவிரதம் பூண்டது. ஒரு பட்டறைக்காரர் வந்தார். புதுப் பாட்டரி, புதுக் காயில், நான்கு புதுப் பிளக்குகள் எல்லாம் போட்டார். பில்லும் போட்டார். பொறி மட்டும் வரவில்லை. நண்பர் மனம் வெறுத்துப் பழைய இரும்பு வியாபாரிக்குச் சொல்லி அனுப்பினார். வெள்ளிக்கிழமை வந்து எடைக்கு எடை எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. அந்த அம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. புதன்கிழமை முதல் அவர் திண்ணைப் பக்கம் வரவில்லை என்பதைத்தான் நாம் கவனித்தோம்.

சின்னமனூரில் ஒரு முதிய மெக்கானிக் உண்டு. அவருடைய பேரன் நம்மிடம் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிறான். பௌதிகத்தில் நல்ல மார்க்கு வாங்குகிறவன். வியாழக்கிழமை மாலை இருவரையும் அழைத்துக்கொண்டு போனோம். பெரியவர் கையில் இருந்த ஆயுதம் ஒன்றே ஒன்று: இரண்டு ஒயர்கள் கோத்த ஒரு சிறு 12 வோல்ட் பல்பு.

"ஸார், பெட்ரோல் வருகிறது. ஆகையால் பொறியைத்தான் தேட வேண்டும்" என்றார். டிஸ்ட்ரிபியூட்டரின் நடுவில் செருகியிருக்கும் தடித்த ஒயரைக் கழற்றி, ரப்பர் பிடியுள்ள குறட்டால் பற்றி, எஞ்சின் இரும்புக்குக் கால் அங்குலத் தூரத்தில் நிறுத்திக்கொண்டு, ஸ்டார்ட்டரைச் சுழற்றச் சொன்னார். பொறி இல்லை. "அப்படியானால் ரோட்டார், மூடி, பிளக் இவை மூன்றின் மீதும் இப்போதைக்குக் குற்றமில்லை, கோளாறு இதற்கு முன்னாலேயே இருக்கிறது. தம்பி, அடுத்து எங்கே பார்ப்பாய்?" என்று பேரனைக் கேட்டார்.

பையன் யோசித்தான். இந்த இடத்தில் வாசகர்களுக்குச் சிறிது பாடம் நடத்த அனுமதி வேண்டும். உபாத்தியாயர் புத்தி எங்கே போகும்?

காயிலில் இரண்டு சுருள்கள் உண்டு. தடித்த சுருளில் பாட்டரியின் 12 வோல்ட் மின்சாரம் ஓடுகிறது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் சி.பி. பாயிண்ட் என்னும் சிறு கதவு அதை மூடித் திறக்கிறது. கதவு திறந்து மின்சாரம் அறும் அந்தக் கணத்திலே, ஆயிரக்கணக்கான சுற்றுள்ள மெல்லிய சுருளில் பதினாயிரம் வோல்ட்டுக்கும் மேல் எழும்பிப் பொறியாகத் தாவுகிறது. ஓடுகிற மின்சாரம் அன்று, அறுகிற மின்சாரமே பொறியைப் பிறப்பிக்கிறது. 1831-இல் மைக்கேல் பாரடே கண்ட தத்துவம் இது. இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் என்பவர் இதை மோட்டார் வண்டிக்குச் செம்மையாகப் பொருத்தினார். நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிஷத்துக்கு 3000 சுற்றுச் சுற்றினால் அந்தக் கதவு விநாடிக்கு 100 தடவை திறந்து மூட வேண்டும்! அது திறக்கும் அகலமோ அங்குலத்தில் 1000-இல் 15 பாகம்.

பையன் பல்பின் ஒரு ஒயரை இரும்பில் கவ்விவிட்டு, மற்றொன்றைக் காயிலுக்கு மின்சாரம் வரும் முனையில் வைத்தான். எரிந்தது. சாவி, ஒயர் எல்லாம் சரி. காயிலின் மறுமுனையில் வைத்தான். அங்கும் எரிந்தது. "இப்போது எஞ்சினைச் சுழற்று" என்றார் பெரியவர். பாயிண்ட் மூடும்போதெல்லாம் பல்பு அணைய வேண்டும். திறக்கும்போது எரிய வேண்டும். ஆனால் அது கண் சிமிட்டாமல் எரிந்துகொண்டே இருந்தது. பாயிண்டைத் துடைத்துப் பார்த்தார்கள், அப்பொழுதும் அப்படியே. கண்டென்சர் உள்ளுக்குள் இரும்போடு ஒட்டிக்கொண்டிருந்தால் பல்பு எரியவே எரியாது. ஆகவே அதுவும் அன்று.

பெரியவர் ஒரு துண்டு ஒயரை எடுத்து, டிஸ்ட்ரிபியூட்டரின் வெளி முனையையும் இரும்பையும் தொட்டுத் தொட்டு எடுத்தார். எடுக்கும்போதெல்லாம் தடித்த ஒயரிலிருந்து 'சடக், சடக்' என்று நீலப் பொறி பறந்தது! காயில் நிரபராதி. "தம்பி, மின்சாரம் வாசல்வரை வருகிறது, உள்ளே போகவில்லை" என்றார்.

வாசலிலிருந்து பாயிண்டுக்குப் போவது மூன்று அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த ஒரு சிறு ஒயர். பார்வைக்குப் பழுதில்லை. பையன் அதை மெதுவாக இழுத்தான். ரப்பர் போல நீண்டது! உள்ளே செம்பு இழைகள் அத்தனையும் அறுந்து, மேலுறை மட்டும் மரியாதையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. எஞ்சினின் சுமைக்குத் தக்கபடி பொறியை முந்தவும் பிந்தவும் செய்வதற்காகப் பாயிண்ட் இருக்கும் தட்டு சிறிது முன்னும் பின்னும் திரும்பிக்கொண்டே இருக்கும். ஐம்பது வருஷம் அதோடு வளைந்து நிமிர்ந்தால் செம்பாயிருந்தால் என்ன, எதுவாயிருந்தால் என்ன? மெல்லிய இழைகள் பல சேர்ந்த புது ஒயர் ஒன்றைப் பற்றவைத்தார்கள். சாவியைத் திருப்பியதும் வண்டி பேசிற்று. கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. இரும்பு வியாபாரிக்கு நண்பர் அன்றிரவே தகவல் சொல்லிவிட்டார்.

நம் நாட்டில் இந்தக் கைத்திறன் தானாக முளைத்ததன்று. 1911-இல் மதுரையில் டி. வி. சுந்தரம் ஐயங்கார் தொடங்கிய மோட்டார்த் தொழிலும், 1961-இல் தோன்றிச் சென்னைப் பாடியில் மோட்டார் மின்சாதனங்கள் செய்த லூகாஸ்-டி.வி.எஸ். தொழிற்சாலையும் இப்பக்கத்து ஊர்களில் எத்தனையோ கைகளைப் பழக்கியிருக்கின்றன. இன்றைய வண்டிகளில் பாயிண்ட் இல்லை. கணிப்பொறி அந்த வேலையைப் பார்க்கிறது. ஆகவே பெரியவரின் பட்டறைக்கு வேலை குறைந்துகொண்டே வருகிறது. ஆனால் அவருடைய முறைக்கு வயதாகவில்லை. ஒவ்வொரு சோதனையும் வழியை இரண்டாக வகுத்து, 'இந்தப் பாதியில் இல்லை' என்று ஒரு பாதியைத் தள்ளியது. சந்தேகப்பட்டதற்காக ஒரு சாமானும் மாற்றப்படவில்லை.

பேரன் அடுத்த வருஷம் கோயம்புத்தூருக்கு எஞ்சினீயரிங் படிக்கப் போக ஆசைப்படுகிறான். பட்டறையை எடுத்து நடத்தமாட்டான் என்பது தாத்தாவுக்குத் தெரியும். திரும்பும் வழியில் அவர் அந்தப் பல்பைத் துணியில் சுற்றி அவன் பையில் வைத்தார். "பட்டறை போனால் போகிறது, இது உன்னிடம் இருக்கட்டும்" என்றார். பையன் அதை வகுப்புக்குக் கொண்டுவருகிறான். சாரலில் ஜன்னல்கள் அடித்துக்கொள்ளும் அந்த அறையில் நாற்பது பிள்ளைகள் அதைச் சுற்றி நின்று, விளக்கு ஏன் எரிகிறது என்பதைவிட, ஏன் அணையவில்லை என்று கேட்கக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.