சாத்தின பிறகு வந்தவர்

2019 ஜூலையில் எங்கள் ஊரான கூரத்திலிருந்து காஞ்சிபுரம் போக எந்த பஸ்ஸிலும் ஏற முடியவில்லை. வரதராஜப் பெருமாள் கோயிலின் அத்திவரதர் அனந்தசரஸ் குளத்திலிருந்து எழுந்தருளியிருந்தார். 40 வருஷத்துக்கு ஒருமுறை, 48 நாள். ஊரெல்லாம் ஜனம்.

அந்த நாட்களில் நான் இரவில் பார்த்த வேலையும் கூட்டத்தோடுதான். பட்டுச் சேலை விற்கும் இணையதளம் ஒன்றின் சர்வர் திடீர் திடீரென்று முடங்கும். பிராசசர் சும்மா கிடக்கும். புது இணைப்பு மட்டும் கிடைக்காது. பட்டியலை எடுத்துப் பார்த்தால் பாதியில் நிற்கும் இணைப்புகள் வரிசை வரிசையாக வரும். "பேசலாமா" என்று கேட்டுவிட்டு, சர்வர் "பேசலாம்" என்றதும் மறுபேச்சு இல்லாதவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் ஒதுக்கி சர்வர் காத்திருக்கும். இடம் தீர்ந்துபோனால், நிஜமாகவே சேலை வாங்க வந்தவருக்குக் கதவடைப்பு.

பழைய தந்திரம்தான். 1996 செப்டம்பரில் நியூயார்க்கின் பானிக்ஸ் என்ற இணையச் சேவை நிறுவனத்தை இப்படித்தான் முடக்கினார்கள். அதே மாதம் டேனியல் பெர்ன்ஸ்டைன் சின் குக்கி (SYN cookie) என்ற மாற்று வழியை யோசித்தார்: இடமே ஒதுக்காதே, விவரத்தைப் பதிலின் வரிசை எண்ணுக்குள் மடித்து அனுப்பு, நிஜ ஆள் அதைத் திருப்பிக் கொண்டுவருவான். இன்றைக்கும் என்னை வியக்கவைக்கிற யோசனை. 2016 ஜூலையில் மும்பை இணைய நிறுவனங்கள் சில போலீஸுக்குப் போனது வேறு வகைத் தாக்குதலுக்காக. அங்கே இணைப்புக் குழாயையே நிரப்பிவிட்டார்கள்.

கதவு என்றதும் ஊர்க்கதை நினைவுக்கு வருகிறது. கூரத்தாழ்வான் வீட்டில் பகலெல்லாம் அன்னதானம். இரவில் கதவு சாத்தும் சத்தம் காஞ்சி வரதர் கோயிலில் பெருந்தேவித் தாயார் காதில் விழுந்ததாம். அதை அறிந்து கூசிப்போனவர், இருந்த செல்வத்தையெல்லாம் கொடுத்துவிட்டு ராமானுஜரைத் தேடி ஸ்ரீரங்கம் புறப்பட்டார். இதைச் சொல்லும்போதெல்லாம் பாட்டி கேட்பாள்: "கதவச் சாத்தின அப்புறம் பசியோட வந்தவன் என்ன ஆனான்?"

என் சர்வர் வாசலிலும் நிஜமாக வந்தவர் யார், பொய்யாக வந்தவர் யார் என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது. டிசிபிடம்ப் (tcpdump) என்ற கருவியை ஓடவிட்டால் ஒவ்வொரு பாக்கெட்டையும் நகலெடுத்து வெளியே கொடுக்கும். கோரிக்கைகள் வெள்ளமாக வரும் நேரத்தில் அதுவே சர்வருக்குக் கூடுதல் பாரம். லினக்ஸ் கெர்னலுக்குள் 2014இல் நுழைந்த ஈபிபிஎஃப் (eBPF) வேறு ரகம். கெர்னலில் இணைப்புக் கோரிக்கை வந்துசேரும் இடத்திலேயே சின்ன நிரல் ஒன்றை மாட்டிவிடலாம். எண்ணுவது உள்ளேயே நடக்கும், கூட்டுத்தொகை மட்டும் வெளியே வரும். சர்வர் முடங்கிய ஓர் இரவு அதைக் கொண்டு முகவரிவாரியாக எண்ணியதில் ஒன்றும் தெரியவில்லை. எல்லாமே ஒரேயொரு முறை வந்த முகவரிகள். பாக்கெட்டின் ஆயுள் எண்ணையும் விண்டோ அளவையும் சேர்த்து எண்ணினேன். ஆயிரக்கணக்கான முகவரிகள், எல்லாவற்றுக்கும் ஒரே எண், ஒரே அளவு. வெவ்வேறு ஊர், வெவ்வேறு போனிலிருந்து வருகிறவர்கள் அப்படி ஒரே அச்சில் வரமாட்டார்கள். பொய் முகவரிகள் என்று தெரிந்தது.

அதே வாரம் ஆடித் தள்ளுபடி. சர்வரில் மறுபடி நெரிசல். இந்தத் தடவை அச்சு கலைந்திருந்தது. கேட்டவர்கள் அநேகமாக எல்லோரும் பேச்சை முடித்துவிட்டு உள்ளே போனார்கள். ஜங், பாலசந்தர் கிருஷ்ணமூர்த்தி, ரபினோவிச் மூவரும் 2002இல் எழுதிய ஆய்வு இந்த இரண்டு வகைக் கூட்டத்தையும்தான் பிரித்துக் காட்டியது. திடீர்க் கூட்டத்தில் பெரும்பாலோர் முன்பே வந்துபோன முகவரி வட்டாரத்துக்காரர்கள். தாக்குதலில் முன்பின் பார்க்காத வட்டாரங்கள். குளக்கரையில் நின்ற ஜனத்தை எதிரி என்று யாராவது தடியடி நடத்துவார்களா?

பொய்க் கூட்டத்தை எங்கே தடுப்பது என்பதற்கும் ஊரிலேயே விடை இருக்கிறது. பல்லவன் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேட்டில், பாலாற்றிலிருந்து ஏரிக்கு வெட்டிய பெரும்பிடுகு கால் பற்றிய செய்தி இருக்கிறது. கால்வாய்த் தலைப்பில் தண்ணீரை மடக்கப் பலகை போதும். கழனிக்குள் வந்துவிட்டால் ஊரே திரள வேண்டும். 2016இல் லினக்ஸில் வந்த எக்ஸ்டிபி (XDP) அந்தத் தலைப்பு. நெட்வொர்க் கார்டின் டிரைவரிலேயே, கெர்னல் தன் பெரிய கணக்கைத் தொடங்குமுன், பாக்கெட்டைக் கீழே போட்டுவிடலாம்.

அந்த வேகம்தான் எனக்குப் பயம். நம் நாட்டில் ஒரே முகவரிக்குப் பின்னால் ஏராளமான மொபைல் போன்கள். தவறான ஒரு வரி போதும், ஒரு தாலுகாவே வெளியே நிற்கும். உள்ளே யாருக்கும் தெரியாது. அதனால் விதி எழுதியதும் முதலில் எந்தப் பாக்கெட்டையும் கீழே போட விடமாட்டேன், எண்ண மட்டும் விடுவேன். அதில் அகப்பட்டவர்களில் எத்தனை பேர் மறுபதில் சொன்னார்கள் என்று பார்ப்பேன். ஒருவர் சொல்லியிருந்தாலும் விதியைத் திரும்ப எழுதுவேன்.