மகன் வாங்கிய கப்பல்

ஆண்டு மலருக்குத் தலைமையாசிரியர் எழுதும் கட்டுரை என்றால், கல்வியின் சிறப்பு, காலத்தின் அருமை, ஒழுக்கத்தின் உயர்வு ஆகியவற்றுள் ஒன்றைப் பற்றியே இருக்கும் என்பது பெற்றோர் அனைவரும் அறிந்ததே. நாமும் கடந்த ஆண்டுகளில் அவ்வாறே எழுதி வந்திருக்கிறோம். இவ்வாண்டு, இன்னும் முழுமையாக வெளிவராத ஒரு கணினி விளையாட்டைப் பற்றி எழுத நேர்ந்திருக்கிறது. அதற்குக் காரணம் ஒரு தாய்.

அந்த அம்மையார் எமது பள்ளிக்கு அருகிலுள்ள செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குபவர், கணவரை இழந்தவர். அவருடைய ஒரே மகன் எமது பழைய மாணவன். ஆறாம் ஆண்டில் கணிதத்திற்கு முதற்பரிசு பெற்றவன்; இப்பொழுது ஜொகூரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பணிபுரிகிறான். ஒருநாள் காலை, வேலைக்குப் போகும் உடையோடு அவர் அலுவலக வாயிலில் வந்து நின்றார். உள்ளே வருமாறு அழைத்தும் வர மறுத்துவிட்டார். காலணியில் மண் இருந்ததாம்.

"ஐயா, மகன் கப்பல் வாங்கியிருக்கானுங்க. இப்போ இன்னொரு கப்பலும் வாங்கணுமாம். நான் பிடிச்ச கூட்டுப் பணம் அடுத்த மாசம் கைக்கு வருது, அதைக் கேக்கிறான். கப்பல்ல காசு போடுறது நல்லதுங்களா?"

கிள்ளான் துறைமுகத்தில் ஏதோ ஒரு கப்பல் நிறுவனத்தின் பங்கினை வாங்கியிருப்பானோ என்று முதலில் எண்ணினோம். பிறகு, கைப்பேசி வழியே நடைபெறும் மோசடிகளுள் ஒன்றில் சிக்கிக் கொண்டானோ என்று அஞ்சினோம். அவன் ஊருக்கு வரும்பொழுது எம்மை வந்து காணச் சொல்லுமாறும், அதுவரை பணத்தைத் தம்மிடமே வைத்திருக்குமாறும் கூறி அனுப்பினோம்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை வந்தான். நாம் கேட்டதும் சிரித்துவிட்டான். "சார், அது தண்ணியில போற கப்பல் இல்ல. விண்கலம். விளையாட்டுல இருக்கிறது" என்றான்.

விளையாட்டின் பெயர் 'ஸ்டார் சிட்டிசன்'. பல நாட்டவரும் இயங்கலையில் ஒரே வேளையில் கூடி, விண்கலங்களில் ஏறி, கோளுக்குக் கோள் சென்று வாணிகம் செய்யவும் போரிடவும் சுரங்கம் தோண்டவும் கூடிய ஒரு பேருலகமாக அது அமையும் என்பது திட்டம். 1990-ஆம் ஆண்டில் 'விங் கமாண்டர்' என்னும் விளையாட்டை ஆக்கிப் புகழ்பெற்ற கிறிஸ் ராபர்ட்ஸ் என்பவர் 2012 அக்டோபரில் இதனை அறிவித்தார். மற்ற நிறுவனங்களைப் போல முதலாளிகளிடம் மட்டும் பணம் கேட்காமல், விளையாட விரும்பும் பொதுமக்களிடமே முன்பணம் கேட்டார். மக்களும் வாரி வழங்கினர். அடுத்த மாதமே 6.2 மில்லியன் அமெரிக்க டாலர் சேர்ந்தது. 2014-இல் விளையாட்டு கைக்கு வரும் என்று அப்பொழுது சொல்லப்பட்டது.

2014 வந்தது, போயிற்று. அவ்வாண்டு முதலாம் ஆண்டில் சேர்ந்த மாணவன் ஆறாம் ஆண்டை முடித்து, இடைநிலைப் பள்ளியையும் கடந்து விட்டான். விளையாட்டோ இன்னும் சோதனைப் பதிப்பு நிலையிலேயே நிற்கிறது. மக்கள் கொடுத்த பணம் மட்டும் நிற்கவில்லை. 2022-இல் 500 மில்லியன் டாலரைக் கடந்தது. அதன் பின்னரும் ஏறியது.

ஒன்றும் செய்யாமல் பணத்தை விழுங்கி விட்டார்கள் என்று நாம் கூற மாட்டோம், அது பொய்யாகும். சோதனைப் பதிப்பில் நாள்தோறும் பலர் ஆடுகின்றனர். ஒரு கோளின் தரையில் நடந்து, கலத்தில் ஏறி, மேகத்தைக் கடந்து, இடையில் திரை மறையாமலே விண்வெளிக்குள் செல்ல முடிகிறது. எம் மாணவன் அதனைக் கைப்பேசியில் பதிவு செய்து வைத்திருந்தான். பார்த்த நாமும் வியந்தோம். ஆனால், தொடக்கத்தில் நூறு விண்மீன் மண்டலங்கள் என்றார்கள். இரண்டாவது மண்டலம் சோதனைப் பதிப்பில் திறக்கப்பட்டதே 2024 டிசம்பரில்தான். முழுமையான முதற்பதிப்பில் ஐந்து மண்டலங்கள் இருக்கும் என்று அதே ஆண்டில் அறிவித்தார்கள். நூறு, ஐந்தாகக் குறைந்ததற்குக் கணிதத்தில் பரிசு பெற்ற எம் மாணவன் விளக்கம் ஒன்று வைத்திருந்தான். ஐந்தும் மிக நுட்பமாக இருக்குமாம்.

பணம் வரும் வழிதான் எம்மை மேலும் சிந்திக்க வைத்தது. விளையாட்டினுள் பறக்கும் கலங்களை உண்மைப் பணத்திற்கு விற்கிறார்கள். அவற்றுள் சில இன்னும் செய்யப்படவே இல்லை. ஓவியம் மட்டும் உண்டு. ஓவியத்தைப் பார்த்துப் பணம் கட்டிவிட்டுக் கலம் வரும்வரை காத்திருக்க வேண்டும். 2018-இல் ஏறத்தாழ எல்லாக் கலங்களும் அடங்கிய ஒரு தொகுப்பை 27,000 டாலருக்கு விற்பனைக்கு வைத்தனர். ஓர் இலட்சம் ரிங்கிட்டுக்கு மேல். நம் நாட்டில் 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளமாகிய 1,700 ரிங்கிட்டை வைத்துக் கணக்கிட்டால், ஒரு தொழிலாளி உண்ணாமல் உடுக்காமல் சேர்க்கும் ஏறக்குறைய ஐந்தாண்டுச் சம்பளம். எம் மாணவன் அவ்வளவு தூரம் செல்லவில்லை. முன்னூறு டாலர் கலம் ஒன்றின் மேல் கண் வைத்திருந்தான். அதுவும் ஓவிய நிலையிலேயே இருந்தது.

ஓவியம் என்றதும் எமக்கு எம் தந்தையாரின் நினைவு வந்துவிட்டது.

1983-ஆம் ஆண்டு. நாம் ஆறாம் ஆண்டில் படித்துக் கொண்டிருந்தோம். தந்தையார் பால்மரத் தொழிலாளி. பட்டணத்திற்குப் போகும் சந்தியில் ஒரு பெரிய பலகை நட்டிருந்தார்கள். அதில் சிவப்புக் கூரை போட்ட வீடு ஒன்று வரையப்பட்டிருந்தது. முன்புறம் செம்பருத்திச் செடி, ஒரு நீல நிறக் கார். தோட்ட மக்களுக்கு மலிவு வீடு, முன்பணம் 500 வெள்ளி என்றார்கள். அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிற்று. அதன் பிறகு, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தந்தையார் எம்மை மிதிவண்டியில் பின்னால் ஏற்றிக் கொண்டு அந்தப் பலகையைக் காட்டுவதற்காகவே அழைத்துச் செல்வார். எந்தச் சன்னல் எம்முடைய அறை என்பது கூட முடிவாகியிருந்தது. முதலாண்டில் காட்டை அழித்தார்கள். சில கற்றூண்களை நட்டார்கள். அடுத்த ஆண்டு லாலான் புல் தூணைவிட உயரமாக வளர்ந்தது. அதற்கும் அடுத்த ஆண்டு, பணம் கட்டிய அலுவலகத்தில் வேறொருவர் தையற்கடை வைத்திருந்தார்.

வீடு வரவில்லை என்பதை விட, தந்தையார் நடந்துகொண்ட விதமே இன்றுவரை எம் மனத்தை வருத்துகிறது. அவர் ஒருநாளும் சினம் கொள்ளவில்லை. யாரேனும் குறை சொன்னால் அந்த நிறுவனத்திற்காக அவரே வாதாடினார். "பெரிய வேலைங்க, நாளாகும். அவசரப்பட்டா ஆகுமா?" என்பார். சங்கிலியைக் கொடுத்துவிட்டவர், அந்தச் சங்கிலி வீணாயிற்று என்று எப்படி ஒத்துக்கொள்வார்? அண்டை வீட்டார் இருவர் அவருடைய பேச்சை நம்பித் தாமும் பணம் கட்டினார்கள். அவர்களுடைய முகத்தில் விழிக்க நேர்ந்தபோதுதான் அவர் தலை தாழ்ந்தது.

முன்பணம் கொடுப்பதே மடமை என்று எவரும் எண்ணிவிட வேண்டா. 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் வெளியேற்றப்பட்ட அக்காலத்தில், எம் பாட்டனாரும் ஒரு பங்கு சேர்ந்தார். பங்கு 100 வெள்ளி. மாதம் 10 வெள்ளியாகக் கட்டினார். அந்தப் பணம் தோட்டமாயிற்று. மரம் நின்றது, பால் வடிந்தது, கணக்கு வந்தது. போய்த் தொட்டுப் பார்க்கக் கூடிய மண் இருந்தது.

இயங்கலை விளையாட்டில் தொட்டுப் பார்க்க என்ன இருக்கிறது? இதனை எம் மாணவனிடம் கேட்டோம். பலர் கூடி ஆடும் விளையாட்டு, சேவையகம் எனப்படும் பெருங்கணினிகள் எங்கோ இரவு பகலாக ஓடிக் கொண்டிருக்கும் வரைதான் உயிரோடு இருக்கும். அவற்றை நிறுத்தினால் ஊரே மறைந்துவிடும். 2014-இல் வெளிவந்த 'தி குரூ' என்னும் கார் ஓட்ட விளையாட்டை 2024 மார்ச் 31-இல் நிறுத்தினார்கள். பணம் கொடுத்து வாங்கியவர் தனியாகக் கூட அதனை ஓட்டிப் பார்க்க முடியாமற் போயிற்று. 2023 டிசம்பர் 7-இல் வந்த 'தி டே பிஃபோர்' பெரிதும் எதிர்பார்க்கப்பட்ட விளையாட்டு. நான்கே நாளில் அதனை ஆக்கிய நிறுவனம் கடையை மூடுவதாக அறிவித்தது. 'கான்கார்ட்' என்பதனை சோனி நிறுவனம் 2024 ஆகஸ்டு 23-இல் வெளியிட்டது; ஆடுவதற்கு ஆளில்லாமல் இரண்டு வாரத்தில் நிறுத்திப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. (இவற்றையெல்லாம் அவன் வருவதற்கு முன் ஒரு வாரம் இரவில் கண்விழித்துப் படித்தோம். எம் இல்லத்தரசியார், தேர்வு ஏதும் எழுதப் போகிறீர்களா என்று கேட்டார்.)

அவன் அமைதியாகக் கேட்டுவிட்டுப் பதிலுக்கு ஒன்று சொன்னான். 'ஃபைனல் ஃபேன்டசி 14' என்னும் விளையாட்டு 2010-இல் வெளிவந்தபோது அனைவரும் பழித்தார்கள். அதனை ஆக்கிய ஜப்பானிய நிறுவனம் 2012-இல் அதனை மூடி, அடித்தளத்திலிருந்து மீண்டும் கட்டி, 2013 ஆகஸ்டில் புதிதாக வெளியிட்டது. பிறகு அது உலகப் புகழ் பெற்றது. "லேட்டானா தப்புன்னு அர்த்தம் இல்ல சார். நீங்கதான் எனக்கு மூணாம் ஆண்டு வாய்ப்பாடு வர்ற வரைக்கும் காத்திருந்தீங்க."

நியாயமான பேச்சு. நாம் மகிழ்ந்தோம் என்றே சொல்ல வேண்டும். எனினும் ஒரு வேறுபாட்டைச் சுட்டிக் காட்டினோம். அந்த நிறுவனத்தார் தவற்றை ஒத்துக்கொண்டு, மூடிய கடையைத் தம் செலவில் திரும்பக் கட்டினார்கள். காத்திருப்பு அவர்களுக்கு இழப்பு. இங்கோ, முடிக்காமல் இருக்கும் காலத்திலேயே கலங்கள் விற்கின்றன. ஆண்டுதோறும் பணம் வருகிறது. முடித்துக் கொடுத்தால்தான் கூலி என்ற நிலையில் உள்ளவன் வேலை செய்வதும், முடிக்காத வரை கூலி வரும் என்ற நிலையில் உள்ளவன் வேலை செய்வதும் ஒன்றாக இருக்குமா? குலை வெட்டி ஏற்றினால்தான் கணக்கு என்று உன் தாய்க்குச் சொல்கிறார்களே, அதை எண்ணிப் பார் என்றோம்.

அதற்கு அவன் உடனே பதில் சொல்லவில்லை. சிறிது நேரம் கழித்து, கைப்பேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி பேசினான்.

"சார், எங்கம்மா இத்தனை வருஷமா இருக்கிறது தோட்டத்து வீடு. வேலைய விட்டா வீட்டையும் விடணும். நான் இருக்கிறது கம்பெனி விடுதி, ஒரு அறையில ஆறு பேர். எனக்குன்னு ஒரு கதவைத் திறந்து உள்ள போய்ச் சாத்திக்கிறது அந்தக் கப்பல்ல மட்டும்தான்."

முப்பது ஆண்டுக்கும் மேலாக ஆசிரியப் பணியில் இருக்கிறோம். பயிற்சிக் கல்லூரியில் மாணவர் உளவியல் கற்றோம். அவனுக்குச் சொல்ல எம்மிடம் ஒரு சொல்லும் இல்லை. சந்தியில் நின்ற பலகையில் எம் சன்னலைத் தேடிய பன்னிரண்டு வயதுச் சிறுவன்தான் எம்முள் எழுந்து நின்றான்.

பிறகு அவனே சூழலை மாற்ற, தன் கலத்தைக் காட்டினான். ஏற்கெனவே வாங்கிய சிறிய கலம். கதவு அழகாகத் திறந்தது. உள்ளே படுக்கை ஒன்று, விளக்கு ஒன்று. அவனுடைய வீரன் உள்ளே நடந்தான். நான்காவது அடியில் தரை அவனைத் தாங்காமல், கலத்தின் அடிப்பகுதி வழியாக விண்வெளிக்குள் விழுந்து விட்டான். நிரலில் ஏதோ பிழையாம், அடிக்கடி நிகழுமாம். சன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்துக் கொண்டிருந்த ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் இருவர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவனும் சிரித்தான். நாமும் சிரித்தோம்.

புறப்படும் முன், அலமாரியிலிருந்த பழைய பிஸ்கட் டின்னைத் திறந்து தந்தையாரின் பற்றுச்சீட்டை அவன் கையில் கொடுத்தோம். மடிப்பில் கிழிந்து, மை மங்கிப் போன தாள். ஐந்நூறு வெள்ளி என்று எழுத்திலும் எண்ணிலும் இருந்தது. அவன் நெடுநேரம் பார்த்தான்.

"அந்தப் பலகை இன்னும் இருக்கா சார்?"

இல்லை என்றோம். கற்றூண்களுள் இரண்டு மட்டும் செம்பனைக்கு இடையில் இன்னும் நிற்கின்றன. வழி தெரிந்தவர்களுக்கு மட்டும் கண்ணில் படும்.

கூட்டுப் பணம் அடுத்த மாதம் வந்தது. அம்மையார் அதில் ஒரு பகுதியைச் சேமிப்பில் போட்டதாகச் சொன்னார். மீதியைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. மகன் தீபாவளிக்கு வந்தபோது, தாயை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக் கொண்டு பட்டணத்திற்கு அருகில் கட்டி முடித்த மலிவு வீடுகளைப் பார்க்கச் சென்றானாம். வீட்டின் கதவைத் தட்டிப் பார்த்தானாம். விலையைக் கேட்டுவிட்டு இருவரும் பேசாமல் திரும்பி வந்ததாக அம்மையார் எம்மிடம் கூறினார்.