குச்சிக்காட்டுக் குளவி

அன்புள்ள கோமதி,

முத்துமலை முருகனைப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். தாராளமாக வாடி. 146 அடி உயரம். ஆத்தூர் ரோட்டில் வரும்போதே கண்ணில் பட்டுவிடுவார். 2022 ஏப்ரலில் கும்பாபிஷேகம் ஆனதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கார் நிறுத்த இடம் கிடைப்பதில்லை. அதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்னால், மார்ச் 7-ஆம் தேதி, பக்கத்து ஏத்தாப்பூரில் இன்னொரு விசேஷம் நடந்தது உனக்குத் தெரியாது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு குளவியைக் குச்சிக்காட்டில், அதாவது மரவள்ளிக் காட்டில், பறக்கவிட்டார்கள். இரண்டு மில்லிமீட்டர்கூட இருக்காது. முருகனுக்குக் கூடிய கூட்டம் அதற்குக் கூடவில்லை. ஆனால் உன் இரண்டு ஏக்கருக்கு யாரால் லாபம் என்று கேட்டால், சாமி குத்தம் ஆனாலும் பரவாயில்லை, குளவியைத்தான் சொல்வேன்.

குளவி எதற்கு என்று கேட்பாய். கொரோனா வந்த 2020-இல் கேரளத்துத் திருச்சூரில் குச்சிக்கிழங்கைத் தாக்கும் ஒரு மாவுப்பூச்சியைக் கண்டுபிடித்தார்கள். கொஞ்ச நாளில் நம் சேலம், நாமக்கல் காடுகளுக்கும் வந்துவிட்டது. குருத்தைத் திருப்பிப் பார்த்தால் சுண்ணாம்பு அப்பின மாதிரி வெள்ளையாக ஒட்டியிருக்கும். இலை சுருண்டு, தலை கொத்தாகக் குறுகி, செடி அப்படியே நின்றுவிடும். இந்தப் பூச்சியில் ஆணே கிடையாதாம், தெரியுமா? எல்லாம் பெண். ஒன்றே ஒன்று வந்தால் போதும், தானாகவே வம்சம் பெருகிவிடும். எங்கள் சின்னத்தை இதைக் கேட்டுவிட்டு, "அதானே பாத்தேன், இத்தன வேகமா வேல நடக்குதுன்னா பொம்பளைங்களாத்தான் இருக்கோணும்" என்றாள். மாமா வாயைத் திறக்கவில்லை.

மருந்துக்கடைக்காரர்களுக்கு அந்த வருடம் தீபாவளி. பூச்சியின் மேல் மெழுகு மாதிரி ஒரு பூச்சு. சுருண்ட இலைக்குள் வேறு ஒளிந்துகொள்கிறது. மருந்து எங்கே போய்ப் படும்? செடி வளர்ந்து காடு அடைத்த பிறகு ஆள் உள்ளே நுழையவே முடியாது. கிழங்கு மெலிந்தால் மாவு குறையும், மாவு குறைந்தால் அதை அளக்கிற பாயிண்ட் இறங்கும். பாயிண்டை வைத்துத்தானே சேகோ பேக்டரியில் விலை போடுகிறார்கள்? ஒரு பேக்டரியில் எங்கள் லோடுக்குப் போட்ட பாயிண்டைக் கேட்டு எங்கள் வீட்டுக்காரர் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பெயர் எழுதமாட்டேன், நேரில் வா, சொல்கிறேன்.

குளவி கதை இதைவிடச் சுவாரசியம். இந்த மாவுப்பூச்சிக்குத் தாய்வீடு தென் அமெரிக்கா. 1970-களில் ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்து, கிழங்கையே சோறாகத் தின்கிற கோடிக்கணக்கான சனங்களின் அடுப்பில் கை வைத்தது. ஹான்ஸ் ஹெரன் என்ற சுவிஸ் விஞ்ஞானியும் அவரோடு இருந்தவர்களும், அங்கே எதிரி இல்லாததால்தான் இது ஆடுகிறது என்று, பூச்சி பிறந்த மண்ணில் போய் எதிரியைத் தேடினார்கள். 1981-இல் பராகுவேயில் கிடைத்தது இந்தக் குளவி. அனாகைரஸ் லோபெசி என்று பெயர்; பெயர்தான் பெரிசு. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிடும். குஞ்சு உள்ளேயிருந்தே தின்று, பூச்சியைக் கூடாக்கிவிட்டு வெளியே வரும். ஆப்பிரிக்கா பிழைத்தது. ஹெரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள். நீ குடியிருக்கும் பெங்களூரில் இருக்கிற தேசிய வேளாண் பூச்சி வள மையம்தான் 2021-இல் இதைப் பெனின் நாட்டிலிருந்து தருவித்து, வளர்த்து, ஏத்தாப்பூர் மரவள்ளி ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்துக்குக் கொண்டுவந்தது. பப்பாளி மாவுப்பூச்சிக்கும் 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து இப்படித்தான் குளவிகளைக் கொண்டுவந்து அடக்கினார்கள். அதற்குள் மறந்துவிட்டோம்.

இதில் எனக்குப் பிடித்தது என்ன தெரியுமா? குளவிக்கு ரசீது கிடையாது. அது தானாகப் பெருகும், வரப்பைத் தாண்டிப் பக்கத்துக் காட்டுக்கும் போகும். அரை ஏக்கர்க்காரனுக்கும் பத்து ஏக்கர்க்காரனுக்கும் ஒரே கவனிப்பு. ஆனால் ஒருவன் விஷமருந்து அடித்தால் முதலில் சாவது அதுதான். எங்கள் மேலக்காட்டுப் பங்காளி "குளவியும் இருக்கட்டும், மருந்தும் இருக்கட்டும்" என்று இரண்டையும் செய்கிறார். சொன்னால் கேட்கிற ஆளா அவர்?

இன்னொன்று. குச்சிக்கிழங்கு நமக்குச் சாப்பாடாக இருந்தது என்பதே இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. 1943-இல் மாணிக்கம் செட்டியார் சேலத்தில் சவ்வரிசித் தொழிலைத் தொடங்கினார். மறுவருடப் பஞ்சத்தில், சனங்கள் கிழங்கையாவது தின்னட்டும் என்று கலெக்டர் அதில் மாவும் சவ்வரிசியும் தயாரிக்கவே தடை போட்டாராம். இன்றைக்குக் காட்டுக் கிழங்கு முழுக்க லாரியில் போகிறது. நாம் கடையில் பாக்கெட் வாங்குகிறோம். பத்து மாதப் பயிரை மட்டும் நம்பினால் இடையில் அடுப்புக்கு என்ன செய்வது? அதனால்தான் பக்கத்து வீட்டு அக்கா நடவுக்குச்சியான கரணையை ஊன்றின கையோடு இடையில் சின்ன வெங்காயம் வைக்கிறாள். கிழங்குச் செடி நிழல் கட்டுவதற்குள் வெங்காயம் வீட்டுக்கு வந்துவிடும். அடுத்த வயலில் உளுந்து, வரப்பில் ஆமணக்கு. கிழங்கு விலை சரிந்தபோது அந்த வீட்டில் யாரும் கடன் கேட்டுப் போகவில்லை. நான் கண்ணால் பார்த்தேன்.

உன் குத்தகைக்காரருக்கு இன்றைக்கே போன் பண்ணு. விலை மலிவு என்று கண்ட ஊர்க் கரணையை வாங்க வேண்டாம், பூச்சி அதோடுதான் ஊர் ஊராகப் போகிறது. வெள்ளை தெரிந்ததும் மருந்துக்கடைக்கு ஓடாமல் ஏத்தாப்பூர் நிலையத்தில் போய்க் கேட்கச் சொல். இடையில் சின்ன வெங்காயமும் வைக்கச் சொல்; விதைச் செலவில் பாதியை நீ ஏற்றுக்கொள். பெங்களூரில் ஒரு ஓட்டல் சாப்பாட்டுக்கு நீ கொடுப்பதை நானும் பார்த்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் சரோஜா